உத்தமிக்குக் கொடுத்த ஜாமீன்

லா செரேனா நகரத்துப் பத்திரிகையில் எவாரிஸ்தோ பெரால்தாவின் படம் வந்திருந்தது. பட்டப்பகலில் வெறும் வானத்தைக் கைநீட்டிக் காட்டியபடி நின்றார். புகைப்படக்காரன்தான் அப்படி நிற்கச் சொன்னான். வயதான நட்சத்திரம் ஒன்றின் மறைந்திருந்த துணை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த மேதையின் முகமாக அது இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, அது போன திசையைக் காட்டுகிற ஆளின் முகம். இதை யாரும் சொல்லவில்லை. அவரே கண்ணாடி முன்னால் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே கடைக்குப் போய்க் கையில் அடங்குகிற அளவு பிரதிகள் வாங்கி வந்தார்.

அக்கா நெல்தா அதில் ஒன்றைப் பிடுங்கிக் கடையில் மாட்டிவிட்டாள். லா ரெகோவா சந்தையில் அப்பா விட்டுப்போன கடை அது. பப்பாளிப் பாகு, பப்பாளி மிட்டாய், பப்பாளிச் சாறு என்று எல்லாமே பப்பாளி. மறுநாள் பார்த்தால் பாகு ஜாடிகளின் மூடிகளில் புதிதாக ஒரு வட்டப் படம் ஒட்டியிருந்தது. கறுப்பு வானம், நடுவில் பப்பாளி நிறத்தில் பெரிய உருண்டை, அதன் வலது பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. மேலே பலகை: "நட்சத்திரத்துக்குத் துணை கண்டுபிடித்தவரின் அக்கா கடை."

"அக்கா, நாளன்னைக்குத்தான் மேடையில பேசவே போறேன். அதுக்குள்ள எதுக்கு போர்டு?"

"பேப்பர்லயே வந்தாச்சு, அப்புறம் என்னடா? நாப்பது வருஷமா நீ வானத்தப் பாத்த, நான் உன் தட்டுல சோறு இருக்கான்னு பாத்தேன். இப்பதான் உன்னால ஏதோ யாவாரம் நடக்குது. கெடுக்காத."

"அந்தப் புள்ளி கொஞ்சம் பெருசா இருக்கு. நெஜத்துல அவ்வளவு பெருசு இல்ல."

"காலையில சின்னதாப் போட்டுப் பாத்தேன். ஈ உக்காந்திருக்குன்னு ஒருத்தரும் வாங்கல."

எவாரிஸ்தோ அதோடு விட்டுவிட்டார். பத்துப் பேச்சில் ஒன்பதை அக்காவிடம் தோற்றே வளர்ந்தவர்.

நாற்பது வருஷ உத்தியோகத்தில் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது எதுவும் கிடையாது. மற்றவர்கள் கண்டுபிடித்ததை நம்பாமல் இருப்பதுதான் அவர் தொழில். சந்தையில் ஒவ்வொரு பழத்தையும் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிற வாடிக்கையாளர் ஒருவர் இருப்பாரே, வானியலில் அந்த ஆள் எவாரிஸ்தோ. வருகிற மார்ச்சில் ஓய்வு. ஓய்வுக்கு முன்னால் குண்டம்மா அவருக்கு இந்தக் கருணையைச் செய்தாள்.

குண்டம்மா என்பது கொக்கு நட்சத்திர மண்டலத்தில் ஒரு சிவப்பு ராட்சச நட்சத்திரம். எரிய வேண்டியதையெல்லாம் எரித்துத் தீர்த்து, வயதான காலத்தில் ஊதிப் பெருத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பவள். மூச்சுக்கு ஒரு தாளம் உண்டு. அது போக, சில வருஷத்துக்கு ஒருமுறை மெதுவாக மங்கித் தெளிவாள். பக்கத்தில் யாரோ தூசியை இழுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள், அதனால்தான் மங்குகிறாள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் அவளுடைய வெளிச்சத்தில் அந்த யாரோவைப் பார்ப்பது, கால்பந்து மைதானத்து விளக்குக்குப் பக்கத்தில் ஒருவன் வாயிலிருக்கும் சிகரெட் கங்கை அடுத்த ஊரிலிருந்து பார்ப்பதைப் போல.

அதற்காகத்தான் மலைமேல் இருக்கிற வானாய்வுக்கூடத்தில் நாலு தொலைநோக்கிகளின் வெளிச்சத்தை ஒன்றாகக் கோக்கிறார்கள். கோத்தாலும் காற்று ஆட்டும், கருவி தன் பங்குக்குக் கோணும். எனவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே துணை ஏதும் இல்லாத ஒரு நட்சத்திரத்தை முதலில் அளப்பது. தனி ஆள் தனி ஆளாகத் தெரியாவிட்டால் அந்தக் கோணல் காற்றுடையது, கருவியுடையது. அந்தக் கோணலைக் கழித்துவிட்டுக் குண்டம்மாவைப் பார்த்தால் மிச்சமிருப்பது உண்மை. சுருக்கமாகச் சொன்னால், தராசில் முதலில் எடைக்கல்லை வைக்கிற வேலை.

எவாரிஸ்தோவின் பெயர் உலகத்தில் நிலைத்திருந்தது இந்த எடைக்கல்லால்தான். இருபது வருஷத்துக்கு முன்னால், கொக்கு மண்டலத்துப் பக்கம் இப்படி நம்பத்தகுந்த ஒருத்தியைத் தேடிப் பிடித்தவர் அவர். அவளும் வயதான ராட்சசிதான், ஆனால் சாது. ஆட்டம் இல்லை, புகை இல்லை, அக்கம்பக்கம் யாரும் இல்லை. கருவிக்குக் கருவி மாற்றி, வருஷக்கணக்கில் அமுக்கிப் பார்த்துவிட்டு, 'இவள் தனி. நான் ஜாமீன்' என்று எழுதிக் கொடுத்தார். உத்தமி என்று பெயரும் வைத்தார். அந்தப் பக்கம் எதை அளக்கிறவர்களும் அன்றுமுதல் உத்தமியைத்தான் முதலில் அளந்தார்கள். போன வருஷம் மலைக்கு வந்த புதிய கருவியிலும் உத்தமியை வைத்தே எவாரிஸ்தோ குண்டம்மாவை அளந்தார். வலது பக்கம் ஒரு புள்ளி வந்து நின்றது.

இத்தனைக்கும் அவர் அப்பா கடையில் வாங்குவதற்கு ஒரு கிலோக் கல்லும் விற்பதற்கு ஒரு கிலோக் கல்லும் இருந்தன. கல்லாவுக்கு அடியில் விளையாடி வளர்ந்தவருக்குக் கண்ணை மூடித் தொட்டாலே எது எதுவென்று தெரியும். நெல்தா இன்றுவரை இதை ஒத்துக்கொள்வதில்லை. "ரெண்டும் ஒரே கிலோதான். ஒண்ணு கொஞ்சம் களைச்சுப் போயிருந்துச்சு, அவ்வளவுதான்" என்பாள்.

சொற்பொழிவுக்கு முந்தின நாள் மாலை, ரொட்டியில் அவகாடோவை மசித்துத் தடவிக்கொண்டிருந்தபோது மிர்தா ஒசாந்தோன் வந்தாள். அந்தோஃபகாஸ்தாவில் பேராசிரியை, அவரைப் போலவே கிழ நட்சத்திரங்களை அளப்பவள். அவள் மகனுக்கு ஞானத்தகப்பன் எவாரிஸ்தோ. ஆகவே அவளுக்கு இவர் கொம்பாத்ரே, இவருக்கு அவள் கொமாத்ரே. வழக்கமாக வாசலிலேயே கத்திச் சிரித்து முத்தம் கொடுப்பவள், அன்று நேராக வந்து மேசையில் கணினியை வைத்தாள்.

"பேப்பர்ல உங்க படம் பாத்தேன், கொம்பாத்ரே. மேல எதைக் காட்டிட்டு நின்னீங்க? பிணந்தின்னிக் கழுகா?"

'நீங்க' என்று ஆரம்பித்தால் மிர்தா கத்தி தீட்டுகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஒக்காரு கொமாத்ரே. ரொட்டி சூடா இருக்கு."

"ரொட்டி கெடக்கட்டும். இதப் பாருங்க. இது என் மாமியார்."

மாமியார் என்பது அவள் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுகிற இன்னொரு சிவப்பு ராட்சசி. எப்போது புகைவாள், எதற்குப் புகைவாள் என்று தெரியாததால் அந்தப் பெயர். திரையில் மாமியாருக்கு வலது பக்கம் ஒரு புள்ளி.

"ஓ! உனக்கும் ஒண்ணு கெடச்சுதா? வாழ்த்து—"

"வாழ்த்த அப்புறம் சொல்லலாம். ஒரு பூனைக்குக்கூடக் காட்டாம வெச்சிருந்தேன், அடுத்த மாசம் சொல்லலாம்னு. பஸ்ல வரும்போது உங்க பேச்சோட சுருக்கத்தப் படிச்சேன். என் மாமியார் பக்கத்துல நிக்கிறவன், அதே தூரத்துல, அதே திசையில, அதே மங்கலா உங்க குண்டம்மா பக்கத்துல நிக்கிறான். எப்படி வந்தான்? பஸ் புடிச்சா?"

"நான் உன் கணக்கத் திருடுனேன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. எண் சொல்லுது."

"நான் போன மாசமே கண்டுபிடிச்சாச்சு. நீதான் என் கூடத்துல வந்து போற ஆளு. என் கணினியத் தெறந்து வெச்சுட்டு நான் காப்பி போடப் போவேன்."

"உங்க கணினியிலயா? அதுல இருக்கறது பூராவும் அடுத்தவன் தப்புன்னு எழுதுன கட்டுரை. அதுல திருட என்ன இருக்கு?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. எவாரிஸ்தோ எழுந்து தன் எண்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். வைத்தபோதுகூட ஜெயிக்கப் போகிற முகத்தோடுதான் வைத்தார். இரண்டையும் பார்த்தார். தசமப் புள்ளிக்கு அப்புறமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. வானத்தில் இரண்டு தனித்தனிக் கிழவிகள், வேறு வேறு தூரத்தில் இருப்பவர்கள், ஒரே மாதிரித் துணையை ஒரே பக்கத்தில் ஒரே அளவு தள்ளி வைத்துக்கொள்வது நடக்காத காரியம். வேறு ஒருவர் இதைக் கொண்டுவந்திருந்தால் அரை நிமிஷத்தில் சிரித்து அனுப்பியிருப்பார்.

"கொமாத்ரே," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீ எத வெச்சு நேர் பண்ணுன?"

"எத வெச்சா? நீங்கதான சொன்னீங்க? 'கண்ண மூடிட்டு உத்தமிய எடுத்துக்க, நான் ஜாமீன்'னு. என் பையனோட ஞானஸ்நானத்துல வெச்ச மாதிரி நெஞ்சுல கை வெச்சு—"

மிர்தா பாதியில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எவாரிஸ்தோ ரொட்டியைப் பார்த்தார், மிர்தா கெட்டிலைப் பார்த்தாள்.

"ரொட்டி ஆறிப் போகுது" என்றார் எவாரிஸ்தோ.

"ஆறட்டும். வேற தனி நட்சத்திரம் ஏதாவது அதே ராத்திரி அளந்து வெச்சிருக்கியா?"

'நீ' வந்துவிட்டது. அவருக்கு அதில் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

இருந்தது. வேறு யாருடைய வேலைக்கோ அதே இரவில் மலையில் அளந்த ஒரு சின்ன வெள்ளை நட்சத்திரம். அதை எடைக்கல்லாக வைத்துக் குண்டம்மாவைத் திரும்பப் போட்டார்கள். வலது பக்கத்துப் புள்ளி காணோம். மாமியாரைப் போட்டார்கள். அங்கேயும் காணோம். கடைசியாக, எவாரிஸ்தோ இருபது வருஷத்தில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தார். எடைக்கல்லையே தட்டில் வைத்து நிறுத்தார். உத்தமிக்குப் பக்கத்தில், இடது புறம், ஜம்மென்று நின்றது புள்ளி.

இடம் வலம் மாறியதற்குக் காரணம் எளிது. உத்தமியின் துணையைக் கருவியின் கோணல் என்று நினைத்துக் கழித்திருக்கிறார்கள். கழித்த கோணல், அடுத்தவள் தலையில் எதிர்ப்பக்கமாக விழுந்துவிட்டது. பழைய கருவிகளுக்கு இவ்வளவு கூர்மை இல்லை. அவற்றின் கண்ணுக்கு உத்தமி உத்தமிதான். புதிய கருவிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அதை வைத்து அந்தப் பக்கம் அளந்தவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர் ஜாமீன் கொடுத்தவர், மற்றவர் அந்த ஜாமீனை நம்பியவர்.

மிர்தாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் மாமியாருக்கும் யாரும் இல்ல. பாவம். நான் போஸ்டர்கூட அச்சடிச்சுட்டேன்."

"எங்க அக்கா மூடி அச்சடிச்சுட்டா."

கொஞ்ச நேரம் இருவரும் ஆறிய ரொட்டியைத் தின்றார்கள். எவாரிஸ்தோவின் மூளை அதற்குள் கல்லாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"கொமாத்ரே, ஒண்ணு யோசிச்சேன். நாளைக்குப் பேச்சு நடந்துரட்டும். மேயர் வர்றாரு, சந்தையே வருது. அப்புறம் மெதுவா, ஒரு கட்டுரையில, அடிக்குறிப்பு மாதிரி..."

"மெதுவான்னா? நீ பென்ஷன் வாங்க ஆரம்பிச்சப்புறமா?"

"அவசரத்துல எதையும் சொல்லக்கூடாதுன்னு பாக்கறேன்."

"பேப்பர்காரன் வந்தப்ப இந்தப் பொறுமை எங்க போயிருந்துச்சு? சரி, நீ சொல்லலேன்னா நான் எந்திரிச்சு சொல்றேன். நான் சொன்னா ரசிச்சு சொல்லுவேன். கை நீட்டி வானத்தக் காட்டிக்கிட்டு."

எவாரிஸ்தோ யோசித்தார். நல்லவன் என்பதற்காக உண்மையைச் சொல்கிற ஆள் தான் இல்லை என்பது அவருக்கே தெரியும். ஆனால் சந்தையில் வளர்ந்தவர். புளித்த பப்பாளியை விற்ற கடைக்கு மறுவாரமும் ஆள் வரும். கள்ள எடையோடு பிடிபட்ட கடைக்கு வராது. பிடிபடுவது நிச்சயம் என்றால், அதிகாரி வருவதற்குள் கடைக்காரனே கல்லைத் தெருவில் வைத்து, 'ஐயையோ, என்னையே ஏமாத்திட்டானுங்க!' என்று கத்திவிட வேண்டும். அப்பா ஒருமுறை அப்படிக் கத்தியதில் வாடிக்கை கூடிப்போனது.

"சரி, நானே சொல்றேன்" என்றார். "ஆனா உத்தமியோட துணை நெசமானது. வயசான ராட்சசிக்கு மறைஞ்சிருந்த துணை. அது கண்டுபிடிப்புதான். கட்டுரையில மொத பேரு என்னுது."

"இல்ல, என்னுது. சந்தேகப்பட்டது நான்."

"நீ என்னைத் திருடன்னுதான சந்தேகப்பட்ட!"

"அதனாலதான கண்டுபிடிச்சோம்? ஜாமீன் குடுத்தவன் கடைசி பெஞ்சுல ஒக்காரணும், கொம்பாத்ரே."

"நாளைக்கு ஊர் முன்னால செருப்படி வாங்கப் போறது நானு. அதுக்கு ஒரு விலை கெடையாதா?"

"சரி, துணைக்குச் செல்லப் பேரு நீ வெச்சுக்க. உன் பேர மட்டும் வெச்சுராத."

"ஏன்?"

"அது ரொம்ப மங்கல். பொருந்திப் போயிரும்."

பேரம் அங்கே படிந்தது. முதல் பெயர் அவளுக்கு, அவமானம் அவருக்கு, செல்லப் பெயர் வைக்கும் உரிமையும் அவருக்கு. தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து தன் ரொட்டியையே தின்றுவிட்டு இவ்வளவு மோசமான பேரத்தை முடித்தவர் பெரால்தா குடும்பத்தில் முன்பு யாரும் இல்லை.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மேயர். அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நெல்தா, காதில் தொங்கலோடு. பின்னால் சந்தை முழுவதும்: பாலாடைக்கட்டிக் கடை, மீன் கடை, கம்பளிக் கடை. ஓரத்து வரிசையில் வானியல்காரர்கள். இவர்களில் பலர் எவாரிஸ்தோவால் ஒருமுறையாவது மேடையில் அமுக்கிப் பார்க்கப்பட்டவர்கள்.

எவாரிஸ்தோ தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் குண்டம்மாவோட துணையப் பாக்க வந்திருக்கீங்க. குண்டம்மாவுக்குத் துணை இல்ல. இருந்தா நமக்கு இன்னும் தெரியல. நான் பாத்தது என் எடைக்கல்லுல ஒட்டியிருந்த அழுக்கு."

ஓரத்து வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் கைப்பேசியை எடுத்தார்கள். உத்தமியை வைத்து அடுத்த மாதம் அளக்கத் திட்டம் போட்டிருந்தவர்கள் அவர்கள். மீதிக் கூட்டம், இது ஏதோ பெரிய பேச்சின் பெரிய ஆரம்பம் என்று மரியாதையாக உட்கார்ந்திருந்தது. எவாரிஸ்தோ படம் படமாகக் காட்டி நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல நெல்தாவின் தொங்கல்கள் ஆடுவது நின்றது.

மீன் கடைக்காரம்மா தோன்யா ரொசென்தா பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டாள். "தோன் எவாரிஸ்தோ, சுத்தி வளைக்காதீங்க. துணை இருக்கா, இல்லையா?"

"இருக்கு, தோன்யா ரொசென்தா. அடுத்த வீட்டுல இருக்கு."

"எந்த வீட்டுல?"

"நான் இருபது வருஷமா யாரும் இல்லன்னு சத்தியம் பண்ணிட்டு இருந்த வீட்டுல."

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. சந்தை சிரிக்கிற சிரிப்பு, தூணெல்லாம் அதிர. மேயரும் சிரித்தார், தன்னைப் பற்றி இல்லை என்று உறுதியானதும் இன்னும் நன்றாகவே சிரித்தார். ஓரத்து வரிசையில் யாரோ ஒருவர், எப்போதோ எவாரிஸ்தோவிடம் வசமாக மாட்டிக்கொண்டவர், கையைத் தட்ட ஆரம்பித்தார். அந்தத் தட்டலில் பாராட்டு எவ்வளவு, பழிதீர்த்த திருப்தி எவ்வளவு என்று எவாரிஸ்தோ பிரித்துப் பார்த்தார். பாதிக்குப் பாதி. தள்ளுபடி கேட்காமல் அப்படியே வாங்கிக்கொண்டார்.

"துணையைக் கண்டுபிடிச்சது டாக்டர் மிர்தா ஒசாந்தோன்" என்று முடித்தார். "நான் அதை இருபது வருஷம் கண்டுபிடிக்காம பத்திரமாப் பாத்துக்கிட்டேன். அதுக்கு 'மச்சான்'னு பேரு வெச்சிருக்கேன். வீட்டுல இருக்கறதே தெரியாம இத்தனை வருஷம் ஒக்காந்து சாப்புட்டவனுக்கு வேற பேரு என்ன?"

மிர்தா எழுந்து வானத்தைக் கைநீட்டிக் காட்டினாள். புகைப்படக்காரன் அதைப் படம் எடுத்தான்.

சாயங்காலம் எவாரிஸ்தோ கடைக்குப் போனார். பலகையைக் கழற்ற ஏணி வேண்டுமா என்று கேட்கும் தைரியம்கூட இல்லாமல் தயங்கி நின்றார். நெல்தா முதுகைக் காட்டியபடி ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கக்கா. மூடியெல்லாம் வீணாப் போச்சு."

"ஏன் வீணாகணும்? நட்சத்திரத்துக்குத் துணை கண்டுபிடிச்சியா, இல்லையா?"

"கண்டுபிடிச்சோம். ஆனா அது வேற நட்சத்திரம்."

"உருண்டையா?"

"உருண்டைதான்."

"கெழடா?"

"கெழடுதான், அக்கா. ஆனா புள்ளி வலது பக்கம் இல்ல. இடது பக்கம். இந்தப் படம் தப்பு."

நெல்தா திரும்பினாள். ஒரு ஜாடியை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். வட்ட மூடி, வட்டப் படம், வலது பக்கம் வெள்ளைப் புள்ளி. தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் கல்லாவின் இந்தப் பக்கம், தான் நிற்கிற பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இங்கேருந்து பாரு."

எவாரிஸ்தோ பார்த்தார். புள்ளி இடது பக்கம் இருந்தது. தூரமும் சரி, திசையும் சரி. நாற்பது வருஷம் அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடிய மனிதர், குனிந்து நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ஒரு ஓட்டைக்காகத் தேடினார்.

"புள்ளி மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு" என்றார்.

"அது மச்சான்" என்றாள் நெல்தா. "தின்னு தின்னு அப்படி ஆயிட்டான். நகரு, ஆள் நிக்குது."